சக்கரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

அன்றைக்கு டாக்ஸி ஸ்டாண்டில் ஆறுக்குட்டி வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு இத்தனை வாரமாகக் கண்ணீர் வந்திருக்காது. நமக்கும் கதை வந்திருக்காது. மனிதர் மூடவில்லை. குன்னூர் ஸ்டாண்டில் டிரைவர்கள் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, “இவன் வண்டிய எங்கியோ இடிச்சுப்போட்டு மறைக்கறான், இனி எனக்குப் பையனே இல்ல” என்று சொல்லிவிட்டார்.

பெற்றவரே சொன்ன பிறகு மகன் கிருத்திக்கை நம்பி யார் சவாரி கொடுப்பார்கள்? இரண்டு நாள் ஸ்டாண்டில் சும்மா நின்று பார்த்தான். மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு காரமடையில் இருக்கும் சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். அங்கிருந்தபடியே மஸ்கட்டில் லாரி ஓட்டும் வேலைக்கு ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டான்.

இன்றைக்கு அவன் கிளம்புகிற நாள். சாயங்காலம் நாலு மணிக்கு மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேன் வரும், அங்கிருந்து கொச்சி, அங்கிருந்து விமானம்.

காலையில் வாசலில் நின்று மருதாம்பாள் கணவரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டாள். ஒர்க்‌ஷாப்பில் காட்டி, பையன் வண்டியை இடிக்கவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஆறுக்குட்டி வீறாப்பாக, அப்படித் தெரிந்தால் தானே போய் அவனைக் கூட்டி வருவதாகச் சொன்னார். நடக்காத காரியத்துக்கு வாக்குக் கொடுப்பதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

“அப்பறம் போன் பண்ணுங்க” என்றாள் மருதாம்பாள். “நீங்க பண்ணுன பொறவுதான் எத்தன பேருக்குன்னு பாத்து நான் அரிசி போடுவேன்.”

மகள் ராஜப்ரியா கூட்டுறவு வங்கியில் லீவு சொல்லிவிட்டு, காரை எடுத்துத் திருப்பி நிறுத்தியிருந்தாள். கார் அவள் பேரில் வாங்கியதுதான். பச்சைத் தேயிலை விலை சரிந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாமல் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள் சிறு தோட்டக்காரர்கள். ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. இலை ஏற்ற வழியில்லாமல் ஆறுக்குட்டியின் இரண்டு லாரிகளும் விலை போயின. அப்போது இந்த மின்சாரக் காரை வாங்கி, அப்பாவும் தம்பியும் மாற்றி மாற்றி ஓட்டட்டும் என்று கொடுத்தவள் ராஜப்ரியா. குடும்பம் கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்த நேரத்தில்தான் அதன் பிரேக் பெடல் உதைக்க ஆரம்பித்தது.

இன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தவர் ஆறுக்குட்டி. ஏறி உட்கார்ந்ததும் சார்ஜைப் பார்த்தார். முழுசாக நூறு. அவர் முகத்தில் ஒரு திருப்தி.

“வகுறு நெறையாம வண்டி ஊட்டை உட்டுப் பொறப்படக் கூடாது” என்றார் மகளிடம். கிருத்திக் இருந்தவரைக்கும் எண்பதோடு நிறுத்திவிடுவான் என்றும், சோம்பேறித்தனம் என்றும், ராத்திரி தானே எழுந்துபோய் அதை நூறுக்கு மாற்றி வைத்துவிட்டுப் படுப்பதாகவும் சொன்னார். ராஜப்ரியா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பற்றி இவர் பேசினாலே அவள் இப்போது ஜன்னலைத்தான் பார்க்கிறாள்.

காட்டேரி தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் பெடல் தன் வேலையைக் காட்டியது. மிதித்தால் ஒரே சீராக இறங்க வேண்டியது, உள்ளங்காலைத் தள்ளித் தள்ளி விட்டது. தள்ளும், விடும், தள்ளும், விடும். வேகம் குறையக் குறைய அந்தத் தள்ளலும் மெதுவாகும். கொண்டை ஊசி வளைவில் அது முழங்கால் வரைக்கும் ஏறியது.

“தெரியுதா பாரு. எங்கியோ கல்லுல ஏத்தி உட்டிருக்கறான்” என்றார் ஆறுக்குட்டி.

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் அவருடைய லாரியை ஒரு மாற்று டிரைவர் குந்தா ரோட்டில் பாறையில் ஏற்றிவிட்டு மூச்சுக் காட்டாமல் கொண்டுவந்து நிறுத்தினான். அந்த லாரியும் இப்படித்தான் உதைத்தது. போதாததற்குக் காரின் முன் பம்பரில் இடது பக்கம் ஒரு கீறல். ஏர்போர்ட் பார்க்கிங்கில் தூணில் உரசியது என்று கிருத்திக் அன்றைக்கே சொன்னான். உரசலை ஒப்புக்கொள்கிறவன் பெரிய அடியை மறைக்கத்தான் ஒப்புக்கொள்கிறான் என்று ஆறுக்குட்டி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். தன் கணக்குத் தப்பும் என்ற எண்ணம் அவருக்கு வந்ததே கிடையாது.

பர்லியாற்றில் ரோட்டோரம் பாறையிலிருந்து தண்ணீர் கொட்டும் இடத்தில் வண்டியை ஓரம் கட்டினார். டிக்கியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்தார்.

இந்தக் குடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையிறங்கும் லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிரேக் சூடேறிச் சக்கரத்தில் கருகல் வாசனை வந்தால், தண்ணீர் விழும் இடத்தில் நிறுத்திச் சக்கரத்தில் ஊற்றுவார்கள். ஆறுக்குட்டி அந்த வழக்கத்தை ஒரு பூஜை மாதிரி வைத்திருந்தார். லாரி போனாலும் குடம் போகவில்லை. காருக்கும் அவரே ஊற்றுவார். கிருத்திக் ஓட்டும்போது மட்டும் பர்லியாற்றில் நிறுத்தவே மாட்டான். அப்பா சொல்லச் சொல்லக் கேட்காத மாதிரி போய்விடுவான். அதையும் அவர் திமிர் என்றே எழுதி வைத்திருந்தார் மனதில்.

முன் சக்கரம் இரண்டுக்கும் குடம் குடமாக ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. “எப்படிக் கொதிக்குது பாரு, பாவம்” என்று காரின் முன்பக்கத்தைத் தட்டிக் கொடுத்தார். லாரியைத் தட்டிக் கொடுத்த அதே கை.

மேட்டுப்பாளையத்துக்கு வெளியே இருந்த ஒர்க்‌ஷாப்பை ராஜப்ரியாதான் விசாரித்து வைத்திருந்தாள். நடத்துகிறவர் வசந்த்குமார், இன்ஜினீயரிங் படித்தவர், மின்சார வண்டிகளை மட்டும் பார்க்கிறார். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசுகிறவர் இல்லை. அவர் பேசாததால் ஆறுக்குட்டி பேசினார். பையன் இடித்திருக்கிறான், எங்கே என்று மட்டும் கண்டுபிடித்துச் சொன்னால் போதும் என்றார்.

“பாத்துட்டுச் சொல்றேனுங்க” என்றார் வசந்த்குமார்.

முதலில் தானே ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். ராஜப்ரியாவும் ஆறுக்குட்டியும் பின்னால் உட்கார்ந்தார்கள். மெதுவாக மிதித்தார், அழுத்தி மிதித்தார், மிதிக்காமல் விட்டுப் பார்த்தார். திரும்பி வந்து எப்போதெல்லாம் உதைக்கிறது என்று கேட்டார். சமதரையில் அவ்வளவாக இல்லை, மலையிறங்கும்போதுதான் அதிகம் என்று ராஜப்ரியா சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

வண்டியை லிஃப்டில் ஏற்றி முன் சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்ளே பளபளவென்று வட்டமான டிஸ்க். அதன் இரண்டு பக்கமும் பேடுகள் அழுத்திப் பிடித்துத்தான் வண்டி நிற்கிறது. வசந்த்குமார் கைக்கடிகாரம் மாதிரி ஒரு சின்ன டயலை ஒரு கம்பியில் பொருத்தி, அதன் முனையை டிஸ்கின் மேல் வைத்துச் சுற்றினார். டயலில் முள் போய்ப் போய் வந்தது.

“பாத்தியா, கோணிக் கெடக்குது” என்றார் ஆறுக்குட்டி. குரலில் ஜெயித்த சந்தோஷம்.

வசந்த்குமார் டிஸ்கையும் கழற்றினார். அது மாட்டியிருந்த நடுப்பாகம், ஹப், தனியாகத் தெரிந்தது. அதன் மேல் இருந்த துருவைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, இப்போது டயலின் முனையை அங்கே வைத்தார்.

“நல்லாப் பாத்துக்குங்க. வண்டி எதுலியாவது அடிபட்டிருந்தா மொதல்ல இதுதானுங்க கோணும்.”

சுற்றினார். ஆறுக்குட்டி குனிந்து பார்த்தார். முள் நின்ற இடத்தில் நின்றது. இன்னொரு சுற்று. அசையவில்லை. அடுத்த பக்கச் சக்கரத்தையும் கழற்றச் சொன்னார் ஆறுக்குட்டி. அங்கேயும் அதே கதைதான், டிஸ்கில் ஆடிய முள் ஹப்பில் ஆடவில்லை.

“இது இடிச்ச வண்டி இல்லீங்க” என்றார் வசந்த்குமார்.

ராஜப்ரியா அப்பாவைப் பார்த்தாள். ஆறுக்குட்டி டயலையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சுற்றிப் பார்க்கச் சொல்லலாமா என்று நினைத்தார், சொல்லவில்லை.

கழற்றிய டிஸ்கை வசந்த்குமார் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ஒரு அளவுக் கருவியால் இடம் மாற்றி மாற்றி அதன் தடிமனைப் பார்த்தார். ஒரு இடத்தில் இருந்த தடிமன் இன்னொரு இடத்தில் இல்லை. அங்கங்கே நீலம் பாய்ந்த திட்டுகள். இது பயங்கரமாகச் சூடாகி, சூடு ஆறுவதற்குள் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்த டிஸ்க் என்றார். அப்படி ஆனால் நெளிந்துவிடும், நெளிந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் பெடலைத் தள்ளும் என்றார்.

ஆனால் மின்சார வண்டியில் டிஸ்க் இவ்வளவு சூடாகக் காரணமே இல்லையே என்று அவருக்குச் சந்தேகம். காலை எடுத்தாலே மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிடிக்கிற வேகத்தில் கிடைக்கும் கரண்டைப் பேட்டரிக்கே அனுப்பிவிடும். அப்புறம் பிரேக்குக்கு என்ன வேலை?

“சார்ஜ் எங்கீங்க போடறீங்க?”

“ஊட்டுலதானுங்க, குன்னூர்ல” என்றாள் ராஜப்ரியா.

“எவ்வளவுக்கு?”

ஆறுக்குட்டிதான் சொன்னார், நூறு என்று.

வசந்த்குமார் பெருமூச்சு விட்டார். மலை உச்சியில் பேட்டரி நிறைந்திருந்தால் இறங்கும்போது வருகிற கரண்டுக்கு உள்ளே இடம் ஏது? மோட்டார் பிடிக்காது. இறக்கம் முழுவதும் அந்த டிஸ்க் தலையில்தான் விழும். மலைமேல் இருக்கிறவர்கள் எண்பதோடு நிறுத்திவிட வேண்டும் என்றார். அதைச் சொல்லிவிட்டு, டிஸ்கைத் திருப்பிப் பார்த்தபடி, சாதாரணமாகத்தான் கேட்டார்.

“சூடா இருக்கறப்போ யாராச்சும் இதுமேல தண்ணி ஊத்துவீங்களா?”

ஒர்க்‌ஷாப்பில் ஏதோ ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ராஜப்ரியா மெதுவாகத் திரும்பிக் காரின் டிக்கியைப் பார்த்தாள். குடம் அங்கே இருந்தது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் அவள் சொல்லவில்லை. அவள் நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் தம்பிக்காகப் பழி தீர்த்திருக்கலாம்.

ஆறுக்குட்டி அந்த டிஸ்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

“நாந்தானுங்க ஊத்தறேன்” என்றார். “எப்பவும் நாந்தான்.”

புது டிஸ்க் இரண்டும் பேடுகளும் கடையிலிருந்து வந்து சேர மதியமாகிவிட்டது. ராஜப்ரியா வாங்கி வந்த சாப்பாட்டை ஆறுக்குட்டி தொடவில்லை. தம்பிக்குப் போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறோம் என்று மெசேஜ் மட்டும் அனுப்பினாள்.

ஆறுக்குட்டி ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து, சக்கரத்தின் போல்ட்டுகளை எதிரும் புதிருமாக ஒரே அளவில் முறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது அதை, நினைத்தது ஸ்டாண்டை. அன்றைக்குக் கிருத்திக் எதிர்த்துப் பேசவே இல்லை. “நான் இடிக்கலீங்கப்பா” என்று ஒரு தடவை சொன்னான். அதற்கப்புறம் ஏதோ சொல்ல வந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். குற்றமுள்ளவன் வாயடைத்துப் போனான் என்று அவர் அப்போது நினைத்தார். இப்போது அந்த முகம் வேறு மாதிரி தெரிந்தது. அய்யோ, என்ன காரியம் பண்ணினோம் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

வேலை முடிந்ததும் வசந்த்குமார் சார்ஜ் அளவை எண்பதில் நிறுத்தி வைத்தார். புது பேட் டிஸ்கோடு பழக வேண்டும், மோட்டார் பிடிப்பைக் குறைத்து வைத்து, வேகம் எடுத்து மெல்ல மெல்லக் குறைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், நடுவில் அழுத்தி மிதித்து நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

ஆறுக்குட்டி ஓட்டினார். பெடல் வெண்ணெய் மாதிரி இறங்கியது. ஒரு தள்ளல் இல்லை, ஒரு உதறல் இல்லை. அந்தச் சுகம் அவருக்குத் தாங்கவில்லை. உதைத்துக்கொண்டே இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வேன் வந்து நின்றிருந்தது. கிருத்திக் பையை மேலே ஏற்றிக் கொடுத்துவிட்டுத் தனியாக நின்றான். முடி வெட்டியிருந்தான். புதுச் சட்டை. அப்பாவைப் பார்த்ததும் இரண்டு அடி முன்னால் வந்து நின்றுகொண்டான்.

வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று ஆறுக்குட்டி யோசித்து வந்திருந்தார். எதுவும் உதவவில்லை.

“தப்பு என்ற மேல, சாமி. தண்ணி ஊத்துனதுல டிஸ்க் போச்சு. நீ இடிக்கல.”

கிருத்திக் தரையைப் பார்த்தான்.

“தெரியுங்ப்பா.”

“என்ன தெரியும்?”

“தண்ணிதான்னு. அப்பவே தெரியும்.”

ஆறுக்குட்டிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ராத்திரி ராத்திரி எண்பதில் நின்ற சார்ஜ். பர்லியாற்றில் நிற்காமல் போன வண்டி. பையன் திமிர் பிடித்துச் செய்தான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அத்தனையும்.

“தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?”

“ஊட்டுல சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க ஸ்டாண்டுல பேசிப்போட்டீங்க.” அவன் நிமிர்ந்தான். “அங்க நிக்கறவங்க பூராம் உங்ககிட்டத் தொழில் படிச்சவங்க. அத்தன பேரு முன்னால, உங்களாலதான் வண்டி கெட்டுதுன்னு நான் எப்படீங்ப்பா சொல்லுவேன்?”

ராஜப்ரியா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

போகாமல் இருக்க முடியாதா என்று ஆறுக்குட்டி கேட்டார். கேட்டார் என்பதைவிடக் கெஞ்சினார் என்பது சரி. கிருத்திக் சொன்ன பதிலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒப்புக்கொண்டாயிற்று, ரெண்டு வருஷம்தான், இங்கே இருந்தாலும் ஸ்டாண்டில் யாரும் சவாரி கொடுக்கப் போவதில்லை என்றான்.

“நான் போயி அவங்ககிட்டச் சொல்றேன். எல்லார்த்துக்கிட்டயும் சொல்றேன்.”

கிருத்திக் அப்பாவின் கையைப் பிடித்தான்.

“உங்களால முடியாதுங்ப்பா. உடுங்க.”

வேன்காரர் ஹாரன் அடித்தார். அக்காவின் தோளைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டான். வேன் திரும்பி மறையும்வரை ஆறுக்குட்டி அங்கேயே நின்றார். பையன் அவரைக் குறை சொல்லவில்லை, அவரைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னான். அதுதான் அவரைப் போட்டு அறுத்தது.

மலையேறும்போது ராஜப்ரியா ஓட்டினாள். கல்லாறு தாண்டியதும் ஆறுக்குட்டியின் போன் அடித்தது. மருதாம்பாள்.

“ஏனுங்க, போனே காணோமே. அரிசி போடட்டுங்களா?”

அவர் பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

“மூணு பேருக்குப் போடு” என்றார்.

மருதாம்பாள் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

பர்லியாறு வந்தது. தண்ணீர் கொட்டும் இடத்தில் குன்னூர் டாக்ஸி ஸ்டாண்டு வண்டிகள் சில இறக்கத்தில் வந்து நின்றிருந்தன. டிரைவர்கள் பாறையோரம் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்டின் செயலாளர் செல்லையா ஒரு வாளியில் தண்ணீரைப் பிடித்துத் தன் காரின் முன் சக்கரத்துக்கு எடுத்துப் போனார்.

“ராஜி, ஓரமா நிறுத்து கண்ணு.”

அவள் நிறுத்தினாள். ஆறுக்குட்டி இறங்கி ரோட்டைக் கடந்தார்.

“செல்லையா, தண்ணிய ஊத்தாத.”

செல்லையா வாளியைத் தூக்கியபடியே திரும்பினார். பேசிக்கொண்டிருந்தவர்களும் பேச்சை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

“ஏனுங்ண்ணா? நீங்கதானே எங்களுக்கெல்லாம் ஊத்தச் சொல்லிக் குடுத்தீங்க?”

“ஆமா, நாந்தான்” என்றார் ஆறுக்குட்டி. “வாளியக் கீழ வெய்யி. எல்லாரும் இப்படிக் கொஞ்சம் கிட்ட வாங்க. என்ற பையனப் பத்தி ஒண்ணு சொல்லோணும்.”